இயேசு மன்னித்துவிட்டாராம். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

பூமார்க்கெட் மகன்

சீட்டுக்காரர் ஓடிப்போன கதை எல்லாத் தெருவிலும் ஒன்று இருக்கும், அதனால் விளக்கவில்லை. எங்கள் அம்மா மாட்டுத்தாவணியில் மல்லி வாங்கி வந்து, கட்டி விற்பவர். மாதம் 2,000, 20 மாதச் சீட்டு. 14 மாதம் கட்டியிருந்தார். 2012-இல் ஒருநாள் காலையில் போனால் வீட்டில் பூட்டு. 28,000 ரூபாய். அந்த வருடம் தங்கச்சி காலேஜில் சேரவில்லை.

போன வருடம் நண்பன் கூப்பிட்டான் என்று கூடல்நகர்ப் பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். அந்த மாதிரிக் கூட்டம் எனக்குப் பழக்கமில்லை. சாட்சி சொல்லும் நேரத்தில் மைக்கை வாங்கியவர் அதே சீட்டுக்காரர். தலை முழுக்க நரைத்திருந்தது. "ஏழை ஜனங்க பணத்தைத் தின்னுட்டு ஊரை விட்டு ஓடினவன் நான். என் ஆண்டவர் என் பாவத்தையெல்லாம் சமுத்திரத்தின் ஆழத்துல போட்டுட்டார்" என்றார். அழுதார். அது நடிப்பில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மூக்கு ஒழுகியதைக்கூடத் துடைக்காமல் அழுதார். கூட்டம் முழுக்க அல்லேலூயா.

அப்புறம் காணிக்கைப் பை வந்தது. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் கவரை எடுத்தார். நன்றாகத் தடித்த கவர். பையின் வாயில் நுழையாமல் மடங்கியது, இரண்டு விரலால் அழுத்தி உள்ளே தள்ளினார். அந்த விரல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்து "பிரைஸ் த லார்ட், தம்பி" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் பதிலுக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சீட்டுக்காரருக்கு நடந்தது உண்மையான மன்னிப்பு என்றால், அதில் எங்கள் அம்மாவுக்கு இடம் எங்கே?

விளக்குத்தூண்

தம்பி, எனக்கு நடந்தது நேர் எதிர். 1998, எனக்கு 17 வயது, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கல்லாவில் ஐம்பது, இருபது என்று எடுத்து எடுத்து 600 ரூபாய் ஆகிவிட்டது. ஈஸ்டருக்கு முன்னால், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "அந்தப் பணம் இப்ப எங்கப்பா இருக்கு?"

செலவாகிவிட்டது என்றேன். "ஆண்டவர் மன்னிப்பாரு. ஆனா பணம் ஆண்டவரோடது இல்லயே, கடைக்காரரோடதுல்ல?" என்றார். திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லவைத்துவிட்டுத்தான் பாவமன்னிப்பு கொடுத்தார்.

சேர்க்க நாலு மாதம் ஆனது. முதலாளி முன்னால் வைத்து, விஷயத்தைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரேட்டை விரித்து, அன்றைய தேதியில் "பழைய பாக்கி வரவு 600" என்று எழுதினார். மை காய்கிறவரை மூடவில்லை. அப்புறம் "டீ சாப்பிட்டுட்டு உள்ள போ" என்றார். இன்னும் நாலு வருடம் அங்கேதான் வேலை பார்த்தேன்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459-ஆம் எண் இதைத்தான் சொல்கிறது. பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும், பாவம் உண்டாக்கிய சேதத்தையெல்லாம் அதுவே சரிசெய்துவிடாது. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதை அங்கேயே உதாரணமாகக் காட்டியிருக்கிறது. அந்தச் சீட்டுக்காரருக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

கிருபை போதும்

விளக்குத்தூண் சகோதரருக்கு: நீங்கள் சொல்வது நல்ல காரியம், ஆனால் ரட்சிப்பு அது இல்லை. பணம் கட்டினால்தான் மன்னிப்பு என்றால் பணமில்லாதவன் என்ன செய்வான்?

என் அப்பா கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடி. அம்மாவின் தாலிவரை விற்றார். கடைசி நாலு நாள் பெரியாஸ்பத்திரி. தொண்டையில் குழாய், பேச்சில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபித்துவிட்டு, "இயேசு உங்க பாவத்தைச் சுமந்தார்னு விசுவாசிச்சா ஒரு விரலை மட்டும் தூக்குங்க" என்றார். நாங்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ரொம்ப நேரம். ஆட்காட்டி விரல் போர்வையிலிருந்து அரை அங்குலம் எழும்பியது. மறுநாள் போய்விட்டார். அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, கேட்க முடியவும் இல்லை. அந்த அரை அங்குலம் போதாது என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது.

லூக்கா 23-இல் சிலுவையிலிருந்த கள்ளன் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தான்? இரண்டு கையிலும் ஆணி. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று ஆண்டவர் சொல்லவில்லையா? ஏமாற்றி வாங்கியதை வரி வசூலிக்கிற சகேயு நாலு மடங்காகக் கொடுத்தான் என்பீர்கள். ஆனால் ஆண்டவர் முதலில் அவன் வீட்டுக்குப் போகிறேன் என்றார், அதற்கப்புறம்தான் அவன் கொடுப்பதாகச் சொன்னான். கொடுத்ததால் மன்னிப்பு வரவில்லை, மன்னிப்பு வந்ததால் கொடுத்தான். தாவீதைப் பாருங்கள். தன் படைவீரன் உரியாவைக் கொல்லவைத்தவன் 51-ஆம் சங்கீதத்தில் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறான். எல்லாப் பாவமும் கடைசியில் தேவனுக்கு விரோதமானது, அதனால் அவரே மன்னிக்க முடியும்.

பூமார்க்கெட் தம்பிக்கு ஒன்று. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கசப்பை வைத்திருக்காதீர்கள். காலையில் எழுந்ததும் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். முதலில் வாய் வராது, பரவாயில்லை, பெயரை மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை உபவாசம் இருங்கள். ஒரு நோட்டில் அவர் செய்ததை எழுதி, கீழே "மன்னித்தேன்" என்று எழுதுங்கள். ஒடிசாவில் 1999-இல் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு பிள்ளைகளையும் ஜீப்பில் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னித்தேன் என்று சொன்னார். அதற்கு முன்னால் 28,000 ரூபாய் பெரிதா?

விளக்குத்தூண்

உங்கள் அப்பாவின் விரலை நான் குறை சொல்லவில்லை, அண்ணே. கை அசையாதவருக்கு அரை அங்குலமே முழுசு. அந்தச் சீட்டுக்காரருக்குக் கையில் ஆணி இல்லை, கவர் இருந்தது. நான் சொல்வது அவ்வளவுதான். அப்புறம் அந்தச் சங்கீதத்தைத் தாவீது எப்படிச் சொன்னாலும், உரியா செத்தது செத்ததுதானே.

தத்தனேரி

சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நானும் கிறிஸ்தவன்தான், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). காலேஜில் என் ரூம்மேட்டின் குடும்பம் மீனாட்சியம்மன் பக்தர்கள். அவனை வளர்த்தது அவன் பாட்டி. பாட்டி செத்துப்போனபோது தத்தனேரிச் சுடுகாட்டுக்கு நானும் போனேன். சாம்பல் எடுக்கும் நாளிலும் கூட இருந்தேன். சின்ன மண்கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்: "கொலை பண்ணினவன் கடைசி நிமிஷம் இயேசுவே மன்னியும்னா சொர்க்கம். எங்க பாட்டி ஒரு எறும்பைக்கூட மிதிச்சதில்ல. எங்க பாட்டி எங்கடா இருப்பா?"

ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பதில் என்னிடம் இருந்தது. ஆதாமின் பாவம், எல்லாரும் பாவஞ்செய்து தேவமகிமையற்றவர்களானார்கள், கிரியையினால் அல்ல. முழுவதையும் ஒப்பித்தேன். அவன் கலயத்தின் வாயில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டான். "சரி" என்றான். அதற்கப்புறம் என்னிடம் சாமி பற்றிப் பேசியதே இல்லை. அவன் கல்யாணத்துக்குப் போனேன், நன்றாகத்தான் பேசினான். அந்தச் "சரி"தான் என்னை விடவில்லை. இப்போது அவன் கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்வேன். என் விசுவாசம் போய்விடவில்லை. தீர்ப்பு என் கையில் இல்லை என்பதும் விசுவாசம்தானே.

விளக்குத்தூண்

தத்தனேரி தம்பி, 1964-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய ஏட்டில் இதைத் தொட்டிருக்கிறது. தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர், கடவுளை உண்மையாகத் தேடி மனச்சாட்சிப்படி வாழ்ந்தால் மீட்பு பெறலாம் என்று. உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள்.

கிருபை போதும்

"என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்பதைச் சங்கம் மாற்ற முடியாது. ஆனால் தத்தனேரி சகோதரரே, அந்த இடத்தில் நானாக இருந்தாலும் ஒப்பித்திருக்கக் கூடாது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

வாடிப்பட்டிக்காரி

"28,000 பெரிதா" என்று எழுதிய அண்ணனுக்குத்தான் எழுத வந்தேன். பூக்கட்டுகிற கைக்கு அது எத்தனை முழம் என்று கணக்குப் போடுங்கள்.

என் வீட்டுக்காரர் அடிப்பார். மூன்று தடவை அம்மா வீட்டுக்கு வந்தேன், மூன்று தடவையும் சபைப் பெரியவர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது தடவை மாமியார் பைபிளோடு வந்தார். மத்தேயு 18-ஐ விரித்து, "ஏழெழுபதுதரம்" மன்னிக்கச் சொல்கிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே பேசினார். எனக்குக் கீழ் உதடு வீங்கி இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. அதனால் படித்தேன். அவர் விரலுக்கு மேலே படித்தேன்.

அந்த வசனம் 22. அதே அதிகாரத்தில் 15-இலிருந்து 17 வரை யாரும் எனக்கு வாசித்துக் காட்டியதே இல்லை. உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவனிடம் சொல். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். சபைக்கும் செவிகொடாவிட்டால் அவன் உனக்கு அஞ்ஞானியைப்போல இருக்கட்டும். இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆண்டவர் எழுபது கணக்கைச் சொல்கிறார். நான் பைபிளை என் பக்கம் திருப்பி 15-ஆம் வசனத்தில் என் விரலை வைத்தேன். ஒரே பக்கத்தில் இரண்டு விரல். மாமியார் தன் விரலை எடுத்துவிட்டார்.

மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். திரும்பிப் போகவில்லை. அவரை மன்னித்துவிட்டேன், இது சத்தியம். அவர் கால் உடைந்து கிடந்தபோது நான்தான் பிள்ளையிடம் கஞ்சி கொடுத்து அனுப்பினேன். ஆனால் வீடு வேறு வேறுதான். கிளாடிஸ் அம்மா மன்னித்தார்கள், வழக்கும் நடந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கொலைக் குற்றவாளி தாரா சிங்குக்கு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மன்னிக்கச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அண்ணே.

இன்னொன்று. நீங்களும் அந்தச் சீட்டுக்காரரும் வாராவாரம் சொல்கிற பரமண்டல ஜெபத்தில் பாவம் என்ற சொல் இல்லை. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கடன் என்றுதான் இருக்கிறது.

கிருபை போதும்

தங்கச்சி, அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டு குமாஸ்தா

எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, ஆனால் பூமார்க்கெட் தம்பிக்கு உதவும். பணக்கடன் வழக்குக்குப் பொதுவாக 3 வருடம்தான் கெடு. 2012 சமாச்சாரம் காலாவதி. ஆனால் கெடு தாண்டிய கடனையும் "தருகிறேன்" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவுப்படி அது செல்லும். வாய்ச்சொல் செல்லாது, மைக்கில் சொன்னதும் செல்லாது. தொகை, தேதி, இரண்டு சாட்சி. பத்திரத்தில் எழுதினால் இன்னும் நல்லது. அம்மாவிடம் சீட்டு அட்டை இருந்தால் முதலில் அதை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அசலைக் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

பூமார்க்கெட் மகன்

எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பூக் கட்டிக்கொண்டிருந்தார். நார் நிற்கவே இல்லை. சாட்சி, அழுகை, கவர், எல்லாம் சொன்னேன். கடைசியில் "ஒல்லியாயிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தப் பந்து முடிந்ததும் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அட்டை இருந்தது. மஞ்சள் அட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. 14 கட்டத்தில் சீட்டுக்காரர் கையெழுத்து, மீதி 6 கட்டம் வெள்ளை. இத்தனை வருடமாக அம்மா இதை வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தங்கச்சிக்கும் தெரியாது.

"கூட்டத்துல வச்சுக் கேக்காத. வீட்டுக்குப் போ. தனியாப் போ" என்றார். வாடிப்பட்டி அக்கா எழுதியதை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. "நான் வரணும்னா வர்றேன்" என்றும் சொன்னார்.

ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பேரும் போகிறோம்.