கடலடித் தந்தி மாதிரி: ஒளிப்புள்ளி ஒரே பக்கம் ஒதுங்குகிறது

சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கிறோம். மகள் உயர்நிலை 3. 1871-இல் சென்னையையும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரையும் இணைத்த கடலடித் தந்தியைப் பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரியாகச் செய்கிறாள். வீட்டில் 3 வாரமாக இதே பேச்சுதான்.

கேபிளுக்குப் பதில் 20 கண்ணிகள்: ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். எல்லாம் சிம் லிம் டவரில் வாங்கியது. அனுப்பும் முனையில் 9 வோல்ட் பேட்டரி. வாங்கும் முனையில் தாம்சன் பாணிக் கண்ணாடி கால்வனோமீட்டர் (சிறு மின்னோட்டத்துக்கும் கண்ணாடி திரும்பி, அதில் படும் ஒளிப்புள்ளி நகரும்), 600 சுற்றுக் கம்பிச் சுருள், லேசர்.

மோர்ஸ் குறியீட்டில் ‘எச்’ என்றால் நான்கு புள்ளிகள். அதை அரை நொடிப் புள்ளிகளாக அனுப்பினால், நான்கும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாக வருகின்றன. ஒளிப்புள்ளி பழைய இடத்துக்குத் திரும்பப் பல நொடிகள் ஆகிறது.

முதலில் 3 வோல்ட்டுக்குக் குறைத்தோம், மேடு சிறியதானது, அவ்வளவுதான். புள்ளிக்கு பிளஸ், கோட்டுக்கு மைனஸ் என்று அந்தக் கால முறையில் அனுப்பினோம். அதற்காக, பிளஸ்-மைனஸ் மாற்றிப் போடக் கூடாத எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை எல்லாம் கழற்றிவிட்டு முனைப்பில்லாத கெபாசிட்டர் போட்டோம் (பர்ஸ் அழுதது). ‘ஏ’ (புள்ளி, கோடு) தெளிவாக வருகிறது, ‘எச்’ இன்னும் ஒதுங்குகிறது. 10 கண்ணியாகக் குறைத்தால் சரியாகிவிடுகிறது. ஆனால் நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்காகும் என்பதைக் காட்டத்தானே இந்த மாதிரியே! கடைசியாக, வாங்கும் முனையில் தொடராக 100 மைக்ரோஃபாரட் சேர்த்தோம். ஒதுங்கல் நின்றது, ஆனால் ஒளிப்புள்ளி நகக்கண் அளவுதான் அசைகிறது.

கண்காட்சி அடுத்த மாதம். 20 கண்ணிகளையும் வைத்துக்கொண்டு, அந்தத் தொடர் கெபாசிட்டரின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது?