ஆறே இல்லாத ஊரில் ஐப்பசி முழுக்கு: மால்டாவில் அமைதியான துறை எது?

பொறையார்க்காரன்:
வணக்கம். தங்கை ஐரோப்பாவில் மால்டா தீவில் நர்ஸாக இருக்கிறாள். நவம்பர் முதல் வாரத்தில் பிரசவம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நானும் அம்மாவும் அக்டோபர் நடுவில் கிளம்புகிறோம், விசா வந்துவிட்டது. என் கேள்வி வேறு. அம்மாவுக்கு 68 வயது, கல்யாணமாகி வந்ததிலிருந்து மாயவரம் (மயிலாடுதுறை) துலாக்கட்டத்தில், ஐப்பசி கடைசி நாளில் காவிரியில் முழுகும் கடைமுக முழுக்கை ஒரு வருஷம்கூட விட்டதில்லை. ஆற்றில் தண்ணீர் வராத வருஷத்தில்கூடப் போய், சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டுதான் வந்தார். இந்த வருஷம் கடைமுகத்தன்று மால்டாவில் இருப்போம். "பக்கத்துல எந்த ஆறுடி?" என்று போனில் கேட்டார், தங்கை "இங்க ஆறே கிடையாதும்மா" என்றாள், அதற்கப்புறம் அன்று முழுக்க அம்மா அதைப்பற்றிப் பேசவே இல்லை.

சரி, கடலிலாவது முழுகட்டும் என்று நினைக்கிறேன். அலை அதிகம் இல்லாத, கூட்டம் இல்லாத, துறைமுகத்தை ஒட்டிய கரை ஏதாவது இருக்கிறதா? நெட்டில் தேடினால் எல்லாம் பாறையிலிருந்து குதிக்கிற படமாகவே வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, பாறையில் இறங்க முடியாது. புடவையோடு குளித்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா? குளிர் எப்படி?

திருத்துறைப்பூண்டி சேகர்:
அண்ணே, நான் இங்கே நாலு வருஷமாக இருக்கிறேன். புடவையைப் பற்றிக் கவலையே வேண்டாம். நம்ம ஊர் ஆட்கள் நிறைய வந்துவிட்டார்கள், கரையில் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. நூல் புடவையாகக் கட்டிவிடுங்கள், நனைந்தாலும் காலைச் சுற்றாது.

தங்கச்சி சொன்னது உண்மைதான், வருஷம் பூராவும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட இங்கே இல்லை. மொத்தத் தீவும் சுண்ணாம்புக்கல், மழை பெய்தால் ஓடைகளில் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். குழாயில் வருவதில் பெரும்பங்கு கடல் தண்ணீரைச் சுத்திகரித்து எடுத்தது. வாய்க்காலில் விழுந்து வளர்ந்த எனக்கு வந்த புதிதில் இது மனசுக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் ஆறு இல்லாததால்தான் கடலில் வண்டல் கலப்பதில்லை, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால் விரல் நகம் தெரியும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அடி தெரிகிறதே என்று ஆழம் குறைவாக நினைத்து இறங்கிவிடுவோம், பாறைக் கரைகளில் இரண்டாவது அடியிலேயே தலைக்கு மேல் போகும். பாறையில் பாசி வேறு வழுக்கும், இடுக்கில் முள்ளு முள்ளாகக் கடல் முள்ளெலி ஒட்டிக்கொண்டிருக்கும், மிதித்தால் முள் உள்ளேயே ஒடிந்துவிடும். அதனால் அம்மாவுக்கு மணல் கரைதான்.

தெற்கே பிர்செபூஜா என்று ஒரு ஊர், அங்கே பிரிட்டி பே என்கிற கரைக்குப் போங்கள். விரிகுடாவுக்குள் ஒதுங்கிய இடம், மணல், மெதுவாகத்தான் ஆழம் கூடும். எதிரிலேயே 1988-இல் தொடங்கிய கன்டெய்னர் துறைமுகம், பெரிய பெரிய கிரேன்கள் நிற்கும். அந்த மணலே துறைமுகத்துக்காகத் தோண்டியபோது எடுத்துப் போட்டதுதான். படம் எடுக்கிறவர்களுக்குக் கிரேன் பிடிக்காது, எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கோடை முடிந்தபின் காலை வேளையில் நடைப்பயிற்சிக்கு வரும் வயசானவர்களைத் தவிர அதிகம் ஆள் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் காவலுக்கும் ஆள் இருக்காது, நீங்கள் கூடவே இறங்கி நிற்க வேண்டும்.

குளிர்தான் யோசிக்க வேண்டியது. அக்டோபர் நடுவில் கடல் 24 டிகிரி வாக்கில் இருக்கும், கடைமுகம் வரும் நவம்பர் நடுவில் 21, 22-க்கு இறங்கிவிடும். நம்ம கடலை நினைத்துக்கொண்டு இறங்கினால் நடுங்கிவிடுவார்.

அக்கரைப்பேட்டை ரவி:
நான் நாகையில் விசைப்படகில் போகிறவன், மால்டா பார்த்ததில்லை, என் மச்சான் கப்பலில் வேலையாக அந்தத் துறைமுகத்துக்குப் போய் வந்திருக்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன், எந்தக் கரை என்று முடிவு செய்வதற்கு முன்னால் அன்றைக்கு என்ன காற்று என்று பாருங்கள். இங்கே சோழகம் என்கிற தென்காற்று அடிக்கும்போது இருக்கிற கடலும் வாடை அடிக்கும்போது இருக்கிற கடலும் ஒன்றா? வாடைக் காலத்தில் தரங்கம்பாடி கோட்டை எதிரே இறங்கிக் குளித்துப் பாருங்கள் தெரியும். அதே கணக்குதான் அங்கேயும் இருக்கும்.

இன்னொன்று, கடலில் சொறி (ஜெல்லி மீன்) கிடக்கிறதா என்று இறங்குவதற்கு முன் கரையோரமாக ஒரு நடை நடந்து பார்த்துவிடுங்கள். காற்று கரையைப் பார்த்து அடித்தால் கூட்டமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று தம்பி சொல்கிறார், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம்ம கலங்கல் தண்ணீரைக் குறைவாக நினைக்காதீர்கள். காவிரி கொண்டுவந்து கொட்டுகிற வண்டலில்தான் இறாலும் மடவையும் இருக்கு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் இருக்கு. தெளிந்த கடலில் மீனுக்குத் தீனி குறைவு.

திருத்துறைப்பூண்டி சேகர்:
ரவி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. இங்கே அதிகமாக அடிப்பது வடமேற்குக் காற்று. அது அடிக்கும்போது வடக்குக் கரையெல்லாம் கொந்தளிக்கும், தெற்கே பிர்செபூஜா குளம் மாதிரி கிடக்கும். தென்கிழக்கிலிருந்து அடித்தால் நேர் எதிர், அன்றைக்கு அங்கே போகவே வேண்டாம். அந்தத் தென்கிழக்குக் காற்றுக்கு இவர்கள் பாஷையில் ஷ்லொக் என்று பேர். மார்சா என்றால் துறை. பக்கத்து மீனவ ஊருக்குப் பேரே மார்சாஷ்லொக். காற்றின் பேரால் ஒரு துறை!

குளித்துவிட்டு அம்மாவை அந்த மார்சாஷ்லொக்குக்கும் கூட்டிப் போங்கள், ஞாயிறு மட்டும் வேண்டாம், மீன் சந்தைக்கு ஊரே திரண்டு வரும். வாரநாளில் போனால் படகுகள் சும்மா ஆடிக்கொண்டு நிற்கும். மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக வண்ணம், முகப்பில் இரண்டு பக்கமும் மரத்தில் செதுக்கிய கண், மேலே புருவம்கூட வைத்திருப்பார்கள். கடலில் கண்ணேறு படாமல் காக்க என்று சொல்கிறார்கள். நம்மூரில் படகுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணைப் பார்த்ததும் புரிந்துவிடும். ஊரை ஒட்டி 1610-இல் கட்ட ஆரம்பித்த ஒரு காவல் கோபுரம் நிற்கிறது. நம்ம டேனிஷ் கோட்டை 1620. எனக்கு அந்தக் கரையில் நின்றால் தரங்கம்பாடி ஞாபகம்தான்.

கும்பகோணம் அத்தை:
தம்பி, உங்கள் அம்மா பேசாமல் இருந்தார் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதான் எழுதுகிறேன். ஐப்பசி மாசம் முழுக்கவே துலா ஸ்நானம்தான், கடைமுகம் அதில் கடைசி நாள். அதனால் ஐப்பசி பிறந்ததுமே, பிரசவத்துக்கு முன்னாலேயே, தண்ணீர் குளிராத நாளாகப் பார்த்துத் தலை முழுகச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த வீட்டில் அப்புறம் கரைக்குப் போக நேரமும் இருக்காது. கடைமுகத்தன்று வீட்டிலேயே வெந்நீர் போதும்.

நடக்க முடியாதவர் தாமதமாக வந்து சேர்ந்தார் என்பதற்காகவே சுவாமி கார்த்திகை முதல் நாளை முடவன் முழுக்காகக் கொடுத்தார் என்று மாயவரத்தில் சொல்வார்கள் இல்லையா, அதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்கள். அவர் தூரத்தில் இருப்பது பேத்தியையோ பேரனையோ கையில் வாங்க.

துலாக்கட்டத்துக் காவிரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போங்கள். கையில் கொண்டுபோகும் பையில் விட மாட்டார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பாலிதீன் பைக்குள் வைத்து. கடலில் முழுகி எழுந்ததும் கடைசியாக அதைத் தலையில் ஊற்றட்டும். என் பெண் ஜெர்மனியில் இருக்கிறாள், அங்கே போனபோது நான் கற்றுக்கொண்டது: நெய் கொண்டு போகாதீர்கள், பால் பொருள் எதையும் விட மாட்டார்கள். வெற்றிலை, பூ என்று பச்சையாக எதற்கும் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு. கடலில் மஞ்சள் பொடியும் பூவும் போட வேண்டாம், அது அவர்கள் கரை.

பொறையார்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு மொத்தத்தையும் படித்துக் காட்டினேன். முடவன் முழுக்கு வந்த இடத்தில் "அட ஆமாம்" என்றார். மார்சா என்றால் துறை என்று சேகர் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார், "மயிலாடுதுறையிலயும் அதானேடா இருக்கு" என்றார்.

ஐப்பசி பிறந்த முதல் வாரத்தில், ஷ்லொக் அடிக்காத ஒரு காலையில், பிரிட்டி பே என்று முடிவு செய்துவிட்டோம். ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி, இரண்டு துண்டு, மாற்றுப் புடவை. நாளை மாயவரம் போய்த் தண்ணீர் எடுக்கப் போகிறோம், ஆறு இப்போது நன்றாக ஓடுகிறது. பாட்டிலை அம்மா புளி போட்டுக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.