வயதான தம்பதிக்கு நானே ரிவர்ஸ் மார்ட்கேஜ் மாதிரி மாதாமாதம் பணம் கொடுக்கலாமா?

திருவானைக்காவல்வாசி:
எங்கள் தெருவில் ஒரு பெரியவர், வயது 77, அவர் மனைவிக்கு 71. சொந்த வீடு, பத்திரம் அந்த அம்மா பேரில், இன்றைய விலைக்கு 60 லட்சம் தேறும். கையில்தான் காசு இல்லை. தனியார் ஆலையில் வேலை பார்த்தவர், பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது, மருந்துக்கே போதாது. ஒரே மகள் புனேயில், அவர் அனுப்புவதில்தான் ஓடுகிறது. வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாமே என்றால் அந்த அம்மா அழுதுவிடுகிறார். வங்கியில் ரிவர்ஸ் மார்ட்கேஜ் (வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் வாங்கி, தங்கள் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்று அடைக்கிற கடன்) கேட்டுப் போனார்கள், இந்தக் கிளையில் அதெல்லாம் செய்வதில்லை என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு மாதம் 15,000 கொடுக்க வசதி இருக்கிறது. 9 சதவீத வட்டி போட்டுக் கணக்கில் ஏற்றிக்கொண்டே போய், இருவர் காலத்துக்கும் பிறகு வீட்டை விற்று என் பணத்தை எடுத்துக்கொண்டு மீதியை மகளிடம் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். தனி ஆள் இப்படிச் செய்ய சட்டம் விடுமா? தெரிந்த புரோக்கர் ஒருவர் "அடமானம் எல்லாம் வேண்டாம் சார், கிரய ஒப்பந்தமும் பவரும் வாங்கிக்கோங்க, அதுதான் சேஃப்" என்கிறார். அதாவது வீட்டை எனக்கு விற்பதாக ஓர் ஒப்பந்தமும், அவர்கள் சார்பில் நானே விற்க அதிகாரப் பத்திரமும்.

பத்திரஎழுத்தர்:
புரோக்கர் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள் சார். கந்துவட்டிக்காரர்கள் வீட்டைப் பிடுங்குவதே இந்த வழியில்தான். கடன் என்று சொல்லிப் பணம் கொடுப்பது, கையெழுத்து மட்டும் கிரய ஒப்பந்தத்திலும் பவரிலும் வாங்குவது. நீங்கள் நல்லவராகவே இருங்கள், நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆனால் உங்கள் பிள்ளைகள் அந்தக் காகிதத்தை எப்படிப் படிப்பார்கள்? தவிர, பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அதோடு முடிந்தது, நீங்கள் நினைக்கிற வேலைக்கே அது உதவாது.

தனி ஆள் கடன் கொடுத்து வீட்டை அடமானமாக வாங்குவதில் தடை இல்லை. சாதாரண அடமானப் பத்திரம் எழுதி, இரண்டு சாட்சியோடு பதிவு செய்யுங்கள். வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், வீடு அந்த அம்மா பேரிலேயே இருக்கும். பணத்தைக் கட்டிவிட்டு வீட்டை மீட்கிற உரிமை அவருக்கும் அவருக்குப் பின் வாரிசுக்கும் உண்டு. 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 60வது பிரிவு அதற்குத்தான். "பணம் வராவிட்டால் வீடு எனக்கே" என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வரி நிற்காது. வாரிசு கட்டவில்லை என்றால் நீங்கள் நீதிமன்றம் போய்த்தான் வீட்டை விற்க வேண்டும். அந்த அம்மா முதலில் போய்விட்டால் பெரியவரும் மகளும் வாரிசு ஆகிவிடுவார்கள், அதனால் இருவரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். மகளைச் சாட்சியாகப் போடச் சொல்வேன், பின்னால் எனக்குத் தெரியாது என்ற பேச்சு வராது.

கணக்குப்பிள்ளை:
15,000 வீதம் 9 சதவீதத்தில் மாதக் கூட்டு வட்டி போட்டால் 10 வருடத்தில் 29 லட்சம், 15 வருடத்தில் கிட்டத்தட்ட 57 லட்சம், 20 வருடத்தில் ஒரு கோடி. நீங்கள் கையிலிருந்து கொடுப்பது 20 வருடத்துக்கு 36 லட்சம்தான், மீதி எல்லாம் வட்டி. அந்த அம்மா 86 வயது வரை இருந்தால், வீட்டு விலை ஏறாத பட்சத்தில், மகளுக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. இதே தொகையை ரெண்டு ரூபாய் வட்டிக்கு யாராவது கொடுத்தால் பத்தே வருடத்தில் 73 லட்சம், வீடு அப்போதே முழுகிவிடும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி முதலில் அவர்களிடம் காட்டுங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். கடன் பாக்கி 20,000 ஆனபிறகு ரொக்கமாகக் கொடுத்தால் வாங்குகிற அவர்களுக்குத்தான் அபராதம் வரும். கடன் தொகை அவர்களுக்கு வருமானம் ஆகாது, ஆனால் உங்களுக்கு வரும் வட்டிக்கு நீங்கள் வரி கட்ட வேண்டும். ஒருவருக்கு உதவியாகக் கொடுப்பது வேறு, இதையே நாலு பேருக்குத் தொழிலாகச் செய்தால் 1957ஆம் வருட வட்டிக்கடைச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்.

பாரிஸ்தமிழன்:
பிரான்சில் தனி ஆட்கள் இது மாதிரி ஒன்றைக் காலங்காலமாகச் செய்கிறார்கள், ஆனால் அங்கே அது கடன் இல்லை, விற்பனை, வியாஜே என்று பெயர். நோட்டரி முன்னால் எழுதி, வாங்குகிறவர் முதலில் ஒரு தொகையும் பிறகு விற்றவர் சாகும்வரை மாதத் தொகையும் கொடுப்பார், விற்றவர் அங்கேயே குடியிருப்பார். ஆர்ல் ஊரில் ஒரு நோட்டரி 1965இல் 90 வயது ஜான் கால்மான் அம்மாவின் வீட்டை மாதம் 2,500 பிராங்குக்கு இப்படி எடுத்தார். அந்த நோட்டரி 1995இல் 77 வயதில் இறந்தார், அவர் மனைவி தொடர்ந்து கட்டினார், கால்மான் 1997இல் 122 வயதில்தான் போனார். ஆகவே நீங்கள் எழுத வேண்டிய முக்கியமான வரி, உங்களுக்கு ஒன்று ஆனால் யார் தொடர்ந்து கட்டுவார்கள் என்பது. அங்கே வாங்கியவர் கட்டாமல் விட்டால் வீடு விற்றவருக்கே திரும்பும், கொடுத்த பணமும் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது வழக்கம். கையெழுத்துப் போடும்போதே இருந்த நோயால் விற்றவர் 20 நாளுக்குள் இறந்தால் ஒப்பந்தமே செல்லாது என்று சட்டமே சொல்கிறது.

ஸ்ரீரங்கத்துப்பாட்டி:
தம்பி, எங்களைப் போன்றவர்களுக்கு வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் பயம். 2007இல் வங்கிகளுக்கு இந்தத் திட்டம் கொண்டுவந்தபோது தேசிய வீட்டுவசதி வங்கி எழுதிய நிபந்தனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்களேன். வங்கி மாதப் பணம் கொடுக்கிற காலம் முடிந்தாலும் கடைசி வரை அங்கேயே இருக்கலாம். கடன் எவ்வளவு ஏறினாலும் வீட்டு விலைக்கு மேல் வாரிசிடம் கேட்கக் கூடாது. வீட்டை மீட்க முதல் வாய்ப்பு வாரிசுக்கு. கையெழுத்துப் போட்ட பிறகும் மூன்று நாள் யோசித்து வேண்டாம் என்று சொல்லலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது வீட்டை மறுபடி மதிப்புப் போட வேண்டும். இதையெல்லாம் எழுத மாட்டேன் என்கிற ஆளிடம் நான் ஒரு ரூபாய்கூட வாங்க மாட்டேன், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. அந்த அம்மாவை உங்கள் வக்கீலிடம் கூட்டிப்போகாதீர்கள், அவருக்கென்று தனியாக ஒரு வக்கீல் படித்துச் சொல்லட்டும்.

திருவானைக்காவல்வாசி:
எல்லோருக்கும் நன்றி. புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளிடம் போனில் பேசினேன், அடுத்த மாதம் வருகிறார், எண்களை அவர் முன்னால் வைத்தே பேசப் போகிறோம். 15,000க்குப் பதில் 10,000 என்றால் 15 வருடத்தில் 38 லட்சத்துக்குள் நிற்கிறது, மகளுக்கும் ஏதாவது மிஞ்சும். பாட்டி, வீட்டு விலைக்கு மேல் கேட்க மாட்டேன் என்பதை முதல் வரியாகவே எழுதச் சொல்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், வங்கியை இன்னொரு முறை முயன்று பார்ப்பதில் பலன் இருக்குமா?

பத்திரஎழுத்தர்:
கட்டாயம் பாருங்கள். கிளையில் வாயால் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மா பேரில் மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பத்திர நகல், பட்டா, சொத்துவரி ரசீது வைத்து அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். பட்டா இன்னும் பழைய பேரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், வங்கிக்கும் அது வேண்டும், உங்கள் அடமானத்துக்கும் அது வேண்டும்.