விண்மீன் பிறக்காத கருவில் நீலமுகடு உயரம்: வாயு உள்ளே விழுதுன்னு எழுதலாமா?

பாளை மாணவன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அபிஷேகப்பட்டியில எம்.எஸ்சி புராஜெக்ட். ரிஷப மேகத்துல உள்ள ஒரு அடர்கருவோட (விண்மீன் பிறக்கப்போற வாயுத் திரள்) தரவை ஆல்மா ரேடியோ தொலைநோக்கிக் காப்பகத்துல இருந்து எடுத்திருக்கேன். 12 மீட்டர் ஆன்டெனா அணி மட்டும். எச்சிஓ+ மூலக்கூறோட (1-0) நிறமாலைக் கோட்டுல ரெண்டு முகடு, நீலப்பக்கம் (நம்மை நோக்கி வர்ற வாயுவோட பக்கம்) உயரம், நடுப்பள்ளம் சுழிக்குக் கீழ போகுது. மறைப்பு குறைஞ்ச என்2எச்+ மூலக்கூறோட கோடு அந்தப் பள்ளத்துக்கு நேரா ஒத்த முகடா நிக்கி. வாயு உள்ள விழுற வேகம் எப்படி எடுக்க?

பொருநைக்கரை:
தம்பி, வேகத்துக்கு அப்புறம் வருவோம். பள்ளம் சுழிக்குக் கீழ போகுதுன்னா முதல்ல அங்க நில்லுங்க. கருவுக்குள்ள இன்னும் விண்மீன் இல்ல, பின்னால பிரகாசமான தொடரொளி கிடையாது. அப்போ வெறும் சுய உறிஞ்சல் (முன்னால உள்ள குளிர்ந்த வாயு பின்னால வர்ற ஒளியை விழுங்குறது) கோட்டை அவ்வளவு கீழ இழுக்காது. உங்க அணி பிடிக்காம தொலைஞ்சுபோன ஒளிதான் காரணம்.

ஆன்டெனா ரெண்டுக்கு நடுவுல குறைஞ்ச இடைவெளி சுமார் 15 மீட்டர். 3 மில்லிமீட்டர் அலையில 28 ஆர்க்செகண்டுக்கு மேல பரவின ஒளி பதிவாகாது. 140 பார்செக் தூரத்துல அது 4,000 வானியல் அலகுகூட வராது. கருவோ 20,000 அலகு அளவு. வெளியுறையோட எச்சிஓ+ ஒளி சரியா மேகத்தோட சராசரி வேகத்துலதான் பரந்து கிடக்கும். அது போனா நடுவுல பொய்ப்பள்ளம் விழும், ஒத்த முகடும் ரெட்டையாத் தெரியும்.

7 மீட்டர் அணி சேத்தாலும் தீராது. முழுத்திறன் ஆன்டெனா (தனித்தனியா நின்னு பரந்த ஒளியையும் பிடிக்கிறது) தரவு வேணும். காசா மென்பொருள்ல ஃபெதர் பண்ணி ரெண்டையும் சேருங்க. அதுக்கு முன்னால எச்சிஓ+ தரவுல மேகவேகத்துக்கு ரெண்டு பக்கமும் 3 கிமீ/வி மட்டும் வெட்டி எடுத்து வச்சா லேப்டாப் தாங்கும்.

தென்காசி விண்நோக்கி:
சேத்த பிறகும் நீலமுகடு நின்னா அர்த்தம் இருக்கு. கருவோட உட்புறத்துல கிளர்வு வெப்பநிலை (மூலக்கூறு எவ்வளவு கிளர்ந்திருக்குங்கிற அளவு) கூடுதல். நம்ம பக்கத்துப் பாதி நம்மைவிட்டு விலகி விழுது. அங்க குளிர்ந்த வெளிப்பகுதி முன்னால நின்னு சிவப்பொளியை மறைக்கும். எதிர்ப்பாதியில சூடான பகுதி முன்னால இருக்கதால நீலம் தப்பிச்சிரும்.

அளவுக்கு: எச்சிஓ+ முகட்டு வேகத்துல இருந்து என்2எச்+ வேகத்தைக் கழிச்சு, என்2எச்+ அகலத்தால வகுங்க. -0.25க்குக் கீழ வந்தா நீலச்சாய்வுன்னு எடுத்துக்கலாம். என்2எச்+ கோடு பிரிஞ்சு நிக்கிற ஏழு நுண்கோடும் சேத்துப் பொருத்துங்க. இல்லன்னா தனியா நிக்கிற 93.17626 கிகாஹெர்ட்ஸ் கோட்டை எடுங்க. சேனல் அகலம் (தரவுல ஒரு அதிர்வெண் படியோட அகலம்) பாத்தியளா? 61 கிலோஹெர்ட்ஸ்னா 0.2 கிமீ/வி. 10 கெல்வின்ல ஒலிவேகமே 0.19தான். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

வேகத்துக்கு ரெண்டடுக்கு மாதிரி (வாயுவை முன்னடுக்கு, பின்னடுக்குன்னு பிரிச்சுக் கணக்கிடுறது) போதும். எல்1544ங்கிற கருவுல 1998ல கிடைச்சதே 0.1 கிமீ/வி அளவுதான். உங்களுக்கு 0.5 வந்தா பொருத்தத்தைச் சந்தேகப்படுங்க. அதோட, நடுவுல கார்பன் மோனாக்சைடு தூசியில உறைஞ்சுபோகும். அதுல இருந்து உண்டாகுற எச்சிஓ+ம் அங்க குறையும். ஆக இந்த வேகம் உறையோடது, மையத்தோடதுன்னு எழுதிராதீங்க.

பொருநைக்கரை:
ஒரு புள்ளியோட நிறுத்தாம வரைபடமாப் போடுங்க. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்புன்னா சுழற்சி. பார்னார்ட் 68ங்கிற கருவுல ரெண்டும் கலந்து கிடந்ததை 2003ல அலைவுன்னு விளக்கினாங்க. மையத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் நீலம் இருந்தாத்தான் வாயு உள்ள சரியுதுங்கிறதுக்குப் பலம்.

பாளை மாணவன்:
முழுத்திறன் தரவு காப்பகத்துல இல்லன்னா, அண்ணாச்சி?

தென்காசி விண்நோக்கி:
ஐராம் 30 மீட்டர் ஒற்றைத் தொலைநோக்கியோட தரவு இருக்கான்னு தேடுங்க. எச்சிஓ+க்குக் கற்றை (ஒரு பார்வையில அது பாக்குற அகலம்) சுமார் 28 ஆர்க்செகண்ட். உங்க அணி விடுற இடத்துல இது பிடிச்சுக்கும். ஆனா ஒப்பீட்டுக்கு எடுத்த வெற்றிடத்துல மேகம் இல்லைன்னு பாத்துக்கோங்க. அங்க ஒளி இருந்தா கழிக்கும்போது இன்னொரு பொய்ப்பள்ளம் வந்திரும்.