வீட்டுக்குள் ஜிக்சோ: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

வெள்ளவத்தை அக்கா:
மகளின் பாடசாலைக் கலைவிழாவுக்கு ஜிக்சோவால், அதுதான் பிளேட் மேலும் கீழும் ஓடுகிற கைமின்வாளால், 6 மில்லிமீற்றர் பிளைவூட்டில் யானைகள் வெட்டிக்கொண்டிருந்தேன். தொடர்மாடி வீடு, சாப்பாட்டு மேசை. மிச்சம் உங்களுக்கே தெரியும். தும்பிக்கை வளைவில் இருந்தபோது கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். சத்தத்துக்கு ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். மேற்பக்கம் சிராய் சிராயாகப் பிய்ந்திருந்தது. பலகையைக் கவிழ்த்தார், அடிப்பக்கம் நூல் பிடித்தது போல இருந்தது. "பிள்ளை, இந்த பிளேட்டின் பல் மேல்நோக்கி இருக்கிறது. ஏறும்போதுதான் வெட்டும். ஆட்கள் பார்க்கிற பக்கத்தைக் கீழே வை" என்றார். மொறட்டுவையில் தளபாட வேலை செய்தவராம். வாசலில் நின்று, "இன்னும் நிறைய இருக்கிறதா?" என்று கேட்டார். கொஞ்சம்தான் என்றேன். தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். அவருடைய மனைவி அப்போது படுத்த படுக்கையாக இருந்தார் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அக்கா, பெரியவர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். கவிழ்த்து வெட்டினால் உருவம் இடம்வலம் மாறிவிடும். யானைக்குப் பரவாயில்லை, எழுத்துக்கு ஆகாது. நவராத்திரிக்கு அண்ணா அப்படித்தான் 'ஓம்' வெட்டினார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் மட்டும் எழுத்து சரியாக இருந்தது. அண்ணாவின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

ஆகவே படத்தை முதலில் திருப்பி வரையுங்கள். கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளேட்டை முன்னும் பின்னும் ஆட்டுகிற பெண்டுலம் சுவிட்ச் பூச்சியத்தில் இருக்கட்டும். வளைவுக்கு ஒடுக்கமான, நெருக்கப் பல் பிளேட் வேண்டும்; அகலமானது திரும்பாது, தள்ளினால் வளைந்து, அடிப்பக்கம் கோட்டை விட்டு விலகிவிடும். உருவத்தின் உட்பகுதியை வெட்டியெடுப்பதென்றால் முதலில் பிளேட் நுழைய ஒரு துளை போடுங்கள். பல் கீழ்நோக்கிய பிளேட்டும் இருக்கிறது, கொழும்பு பழைய சோனகத் தெருக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதைப் போட்டால் மெஷின் மேலே துள்ளும், அழுத்திப் பிடிக்க வேண்டும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் தொடவே தொடாதீர்கள்.

தெமட்டகொடை அம்மா:
விளிம்பைப் பற்றியே பேசுகிறீர்களே, தூளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரே அறை. கணவர் விறாந்தையில்தான் வெட்டினார், இடையில் ஒரு திரைச்சீலை. மாலையில் விளக்கைப் போட்டேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்த நுளம்பு வலையின் மேற்பக்கம் முழுவதும் பழுப்பு நிறம். மரத்தூளையும், பிளைவூட் பசைகள் பலவற்றில் உள்ள ஃபோர்மல்டிஹைட்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வெட்டுங்கள், முகக்கவசம் போடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். விளக்குமாறு வேண்டாம், தூள் திரும்பவும் எழும்பும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
அம்மா, முகக்கவசமும் ஈரத்துணியும் சரி. மொட்டைமாடிதான் முடியாது. எங்கள் கட்டடத்தில் அதற்குப் பூட்டு, அங்கே பிளக் போட இடமும் இல்லை. வீட்டுக்குள்தான் வெட்ட வேண்டும் என்றால், தூளை உறிஞ்சும் வக்கியூம் குழாய் பொருத்தக்கூடிய மெஷினாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, என்னுடையதில் அந்தக் குழாய்த் துளை பின்பக்கம் இருக்கிறது. வக்கியூமின் வாய் அதைவிடப் பெரியது. அதற்கு என்ன போடுகிறீர்கள்?