தொலைந்த கைபேசி: தரவை அழித்துவிடலாமா, காத்திருக்கலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நேற்று முன்தினம் மாலை பேருந்துப் பயணத்தில் என் ஆண்ட்ராய்டு கைபேசி தொலைந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் தமது கைபேசியைக் கொடுத்து வீட்டுக்குச் சொல்லச் சொன்னபோதுதான், என் மனைவியின் எண்கூட எனக்கு மனப்பாடமாக இல்லை என்பது உறைத்தது.

சிம் அட்டையை முடக்கி அதே எண்ணில் புதியது வாங்கிவிட்டேன். பெட்டியில் அச்சிட்டிருந்த, கைபேசியை அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் புகாரும் அளித்துவிட்டேன். ஆனால் அலுவலக மின்னஞ்சலுக்குள் நுழைய 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்கக் குறியீடு தேவைப்படுகிறது. அதைத் தரும் செயலியின் ரகசியத் திறவுகோல் சிம்மில் அல்லாமல் தொலைந்த கைபேசிக்குள் இருப்பதால், புதிய சிம்மால் பயனில்லை. அந்தச் செயலி இல்லாதபோது பயன்படுத்தக்கூடிய காப்புக் குறியீடுகளையும் நான் எழுதி வைக்கவில்லை.

என்னை அதிகம் வாட்டுவது வேறொன்று. மறைந்த என் தந்தை மருத்துவமனையிலிருந்து அனுப்பிய குரல் பதிவுகள் அதில் உள்ளன. "சாப்பிட்டாயா" என்று கேட்டுவிட்டு அவர் இருமும் ஒலிகூட அப்படியே இருக்கும். மடிக்கணினியில் என் கூகுள் கணக்கு திறந்திருப்பதால், தொலைவிலிருந்தே அழிக்கும் கட்டளையை இப்போதே கொடுக்க முடியும். கைபேசி மீண்டும் இணையத்தில் இணைந்ததும் அனைத்தும் அழிந்துவிடும், அதன்பின் இருப்பிடத்தையும் தேட இயலாது. வங்கிச் செயலிகள் இருப்பதால் தாமதிக்கவும் அஞ்சுகிறேன்.

திரைப்பூட்டை மட்டும் நம்பிச் சில நாள் காத்திருக்கலாமா? குரல் பதிவுகள் கூகுள் கணக்கில் காப்பெடுக்கப்பட்டுள்ளனவா என்பதை மடிக்கணினியிலேயே அறிய வழியுண்டா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விரைவாக வழிகாட்டுங்கள்.