வேலை போச்சு, இன்னைக்கே கையெழுத்து கேட்கறாங்க (டெக்சஸ்)

டல்லாஸ் புதுசு:
வணக்கம். மதியம் கூப்பிட்டு வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஹெச்-1பி வேலை விசால இருக்கேன். ஹெச்ஆர் அனுப்பின பேப்பர்ல "நானாகவே விலகுகிறேன்"னு இருக்கு. ராத்திரிக்குள்ள கையெழுத்து போட்டா ஒரு மாசச் சம்பளம் கூடத் தருவாங்களாம். மனைவி அழுதுட்டே இருக்காங்க. சனிக்கிழமை சென்னைக்கு டிக்கெட் பார்த்து வச்சிருக்கேன். போட்டுடலாமா?

மதுரைக்காரன்:
கிளம்பிடு தம்பி. நான் வந்த புதுசுல மினசோட்டா பனியில காரில்லாம பஸ்ஸுக்கு நின்னு காதே மரத்துப் போச்சு. வேலையும் நிக்கல. இந்த ஊரை நம்பாதே.

எடிசன் அக்கா:
கிளம்பவே கூடாது! வெளிய போனா மறுபடி பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்பிங் கிடைக்கறது எவ்வளவு பாடு தெரியுமா?

மதுரைக்காரன்:
வாடகையை யாரு கட்டுவா அக்கா?

ஆஸ்டின்வாசி:
வாடகை மட்டுமா? இன்சூரன்ஸ் இல்லாம ஒரு பல்லு பிடுங்க முடியுதா இங்க? முருங்கைக்காய் விலையைப் பார்த்தாலே வயிறு எரியுது.

சியாட்டில் பழைய ஆள்:
அதெல்லாம் அப்புறம் பேசலாம்பா. தம்பி, கடைசி வேலை நாள் எது, ஐ-94ல (எதுவரைக்கும் இங்க தங்கலாம்னு சொல்ற பதிவு) என்ன தேதின்னு சொல்லவே இல்லையே. வேலை முடிஞ்சதுலேர்ந்து அதிகபட்சம் 60 நாள் இங்க இருக்கலாம். ஐ-94 முன்னாடியே முடிஞ்சா அதுவரைக்கும்தான். அதுக்குள்ள புதுக் கம்பெனி உங்களுக்காக மனு போட்டுட்டா, முடிவு வர்றதுக்கு முன்னாடியே அங்க சேரலாம். வேலை அமையலைன்னா அதே கெடுவுக்குள்ள ஐ-539 படிவம் போட்டு பி-2க்கு (சுற்றுலாப் பயணி நிலை) மாத்தக் கேட்கலாம், ஆனா வேலை பார்க்கக் கூடாது. அவங்களா நீக்கினா நீங்க ஊர் திரும்பற நியாயமான செலவை கம்பெனி ஏத்துக்கணும். நீங்களா விலகினதா எழுதிக் கொடுத்தா அது கிடையாது. மனைவி டிக்கெட் எப்படியும் அதுல சேராது. அதனால இப்ப கையெழுத்து வேண்டாம். "வக்கீல்கிட்ட காட்டணும், அவகாசம் வேணும்"னு ரெண்டு வரி மெயில் போடுங்க. லாகின் போறதுக்குள்ள சம்பளச் சீட்டு, ஐ-797 (ஹெச்-1பி மனு ஒப்புதல் கடிதம்) நகலை எடுத்து வச்சுக்கோங்க.

டல்லாஸ் புதுசு:
அண்ணா, பேப்பர்ல ரெண்டாம் பக்கம் அடியில கடைசி நாள் அடுத்த மாசம் 14னு இருக்கு. இப்பத்தான் கண்ணுல படுது. ஐ-94 இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. மெயில் போட்டுட்டேன்.

சியாட்டில் பழைய ஆள்:
14ஆம் தேதி வரைக்கும் சம்பளப் பட்டியல்ல இருப்பீங்களான்னு எழுத்துல கேளுங்க. வக்கீல்கிட்ட முதல் கேள்வி அதுதான், 60 நாள் எங்கேர்ந்து எண்ணறதுன்னு அதை வச்சுத்தான் சொல்லுவார். டிக்கெட் அதுக்கப்புறம்.